ஷாக் அப்சார்பரை இறுக்குவதில் நாம் செய்யும் தவறுகள்

காரில் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஷாக் மாட்டியதும் பலர் முதலில் செய்வது, அதை ஹார்டாக்கும் திருகான நாபை நான்கிலும் கடைசி வரை இறுக்கிவிடுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். ஹார்டாக இருந்தால் வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும் என்று நம்பினேன். முதல் மழையில், மேடும் பள்ளமுமான ஒரு வளைவில் பின்பக்கம் குதித்துக் குதித்து வெளியே விலகியபோதுதான் விஷயம் உறைத்தது. மேட்டைத் தாண்டிய சக்கரம் உடனே இறங்கி ரோட்டைத் தொட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கிய ஷாக் அதை இறங்க விடாது. ரோட்டைத் தொடாத டயரால் பிரேக்கும் பிடிக்காது, வண்டியும் திரும்பாது.

ஷாக் என்ன செய்கிறது என்பது புரிந்துவிட்டால் பாதித் தவறுகள் வராது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அமுங்கலாம், எவ்வளவு வேகமாக நிமிரலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே ஆயில் சின்னத் துளைகள் வழியாகப் போய்வருகிறது. நீங்கள் நாபைத் திருகும்போது ஆயில் போகும் வழி குறுகுகிறது, அவ்வளவுதான். அதனால் ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து போகிறதே என்று ஷாக்கை இறுக்கிப் பயனில்லை. நீண்ட வளைவில் வண்டி கடைசியாக எவ்வளவு சாயும் என்பதையும் ஷாக் மாற்றாது. எவ்வளவு சீக்கிரம் சாயும் என்பதைத்தான் மாற்றும்.

கண்டுபிடிக்கச் சிரமமான தவறு ஒன்று உண்டு. சந்திப்புகளுக்கு முன்னால் வரிசையாக ஐந்தாறு சின்னத் தடைகள் போட்டிருப்பார்களே, அதில் கொஞ்சம் வேகமாகப் போய்ப் பாருங்கள். முதல் தடையில் ஸ்பிரிங் அமுங்குகிறது. நிமிர்வதைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டை அதிகம் இறுக்கியிருந்தால், அது முழுசாக நிமிர்வதற்குள் அடுத்த தடை வந்துவிடும். இப்படி ஒவ்வொன்றிலும் வண்டி இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, கடைசியில், ஷாக் முழுசாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். ஓட்டுபவருக்கோ ஷாக் சாஃப்டாக இருப்பதுபோலத் தோன்றும். நாபை இன்னும் இரண்டு கிளிக், அதாவது இரண்டு படி, இறுக்குவார். நிலைமை மோசமாகும். முதல் தடையில் பரவாயில்லை, போகப் போக இடி அதிகமாகிறது என்றால், இறுக்காதீர்கள், தளர்த்துங்கள்.

அடுத்தது, இன்னொருவர் சொன்ன கிளிக் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொள்வது. எல்லா ஷாக்கிலும் நாப் ஒரே வேலையைச் செய்வதில்லை. உதாரணமாகச் சில கம்பெனிகளின் ஷாக்கைப் பாருங்கள். கோனியின் மஞ்சள் நிற ஷாக்கில் ரீபவுண்ட் மட்டும்தான் மாறும். டெயின் ஃப்ளெக்ஸ் இசட்டில் ஒரே நாப் அமுங்குவதையும் நிமிர்வதையும் சேர்த்து 16 நிலைகளில் மாற்றும். கே.டபிள்யூ வி3-இல் இரண்டுக்கும் தனித்தனி. எண்ணும் முறையிலும் கவனம் தேவை. நாபைக் கடிகாரச் சுற்றில் மெதுவாகத் திருகி, அது நிற்கும் இடத்தைப் பூஜ்யமாக வைத்து, அங்கிருந்து தளர்த்தியபடி எண்ணுவதுதான் வழக்கம். அப்படி எண்ணினால் எண் கூடக் கூட ஷாக் சாஃப்ட் ஆகிறது என்று அர்த்தம். நின்ற பிறகும் பிளையர் போட்டுத் திருகினால் உள்ளே இருக்கும் ஊசி வால்வு கெட்டுப்போகும். இடது, வலது இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? தயாரிப்பாளர் சொல்லும் நிலையில், அது தெரியாவிட்டால் நடுவில். டயர் சூடாவதற்கு முன் காற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காற்று கூடிய டயர், ஷாக் ஹார்டாக இருப்பதுபோலவே ஏமாற்றும். அப்புறம் முன்பக்கமோ பின்பக்கமோ ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் மாற்றி, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். முன்னும் பின்னும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வையுங்கள்; ஒரு வாரம் கழித்து நினைவில் இருக்காது.

இதையெல்லாம் செய்யும் முன் ஒரு துணியால் ஷாக்கின் உடலைத் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள். ஆயில் வழிந்து புழுதி அப்பியிருந்தால் நாபைத் தொடவே வேண்டாம். அந்த ஷாக்கைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுங்கள், அல்லது ஜோடியாக மாற்றுங்கள்.