சிறப்புப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் வகுப்புக்குச் சிறப்புக் கல்வி பி.எட். மாணவிகள் மூன்று பேர் பயிற்சிக்கு வந்தார்கள். முதல் நாளே ஒருத்தி குழாயடியில் ஒரு சிறுவனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். 20 வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் நின்றேன். அதட்டக் கூடாது, அடிக்கக் கூடாது என்பதையெல்லாம் கல்லூரியிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிடித்த கையை எடுக்காமல் இருப்பது

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஒரு வேலையைப் புதிதாகப் பழக்கும்போது கையைப் பிடித்துச் செய்யவைப்பது தவறில்லை. பதிவேட்டில் பி.பி. (பிசிகல் பிராம்ப்ட், தொட்டுச் செய்யும் உதவி) என்று குறிக்கிறோமே, அதுதான். அப்புறம் வாயால் சொல்வது, ஜாடை காட்டுவது என்று உதவி குறைந்துகொண்டே வர வேண்டும். அது குறையாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் பயிற்சிக் காலத்தில் ஒரு பையனிடம் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

அவனுக்கு 9 வயது. சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதுதான் இலக்கு. குழாயைத் திறப்பது, நனைப்பது, சோப்பு போடுவது, தேய்ப்பது, அலசுவது, குழாயை மூடுவது, துடைப்பது என்று ஏழு படிகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு படிக்கும் முழங்கையை லேசாகத் தட்டுவேன், செய்வான். மேற்பார்வைப் பாடத்தன்று ஏழு படிகளும் தடங்கலில்லாமல் நடந்தன. நல்ல மதிப்பெண். ‘தானாகச் செய்கிறான்’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவன் அம்மாவைப் பார்த்தேன். “கை கழுவச் சொன்னா குழாய்கிட்ட போய் முழங்கைய நீட்டிக்கிட்டு நிக்கிறான் மிஸ்” என்றார். அவன் படித்துக்கொண்டது என் தட்டலைத்தான். அந்தப் பழக்கத்தை மாற்ற வகுப்பாசிரியைக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது.

கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். முதல் ஆறு படிகளுக்கு உதவி செய்யுங்கள்; துண்டில் துடைப்பதை மட்டும் அவனே செய்யட்டும். அது நிலைத்ததும் குழாயை மூடுவதையும் அவனிடம் விடுங்கள். இப்படிப் போனால் தினமும் வேலை அவன் கையால்தான் முடியும். உங்கள் கையும் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து தோளுக்கு நகர வேண்டும். அப்புறம் பக்கத்தில் சும்மா நின்றாலே போதும். ஒன்றைச் சொன்னதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்தச் சில விநாடிகளைப் பொறுக்க முடியாமல்தான் நம் கை நீள்கிறது.

பதிவேட்டில் உதவியை மறைக்காதீர்கள். யார் கண்ணுக்கும் தெரியாத தட்டலும் பி.பி.தான். சில வாரப் பயிற்சிக்குள் முன்னேற்றம் காட்ட வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரியும். நீங்கள் கிளம்பிய பிறகு குழாயடியில் நிற்கப்போவது அவன்.

பழைய ஐ.இ.பி.யை (ஒரு பிள்ளைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டத்தை) இன்னொரு பிள்ளைக்குப் பெயர் மாற்றி எழுதுவது

வேண்டாம்.

சான்றிதழைப் பார்த்துப் பாடம் தயாரிப்பது

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. சான்றிதழில் ஆட்டிசம் என்று ஒரே சொல் உள்ள இரண்டு பேர் என் வகுப்பில் இருக்கிறார்கள். மிக்ஸி ஓடினால் ஒருவன் காதைப் பொத்துவான், இன்னொருவன் கிட்டே போய்க் காதை வைப்பான். முதல் இரண்டு நாள் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

பிள்ளையை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசுவது

பேச்சு வராவிட்டாலும் காது கேட்கும்.

15 வயதுப் பையனுக்கு மழலைப் பாட்டு

கடைக்குக் கூட்டிப்போய்ச் சில்லறை எண்ணச் சொல்லுங்கள்.

வீட்டில் கேட்காமல் இலக்கு வைப்பது

பிள்ளைக்கு என்னென்ன வருகிறது என்று மதிப்பிட சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். பட்டியலில் 18 பகுதிகள், பகுதிக்கு 20 வீதம் 360 திறன்கள். போட்டுப் பார்த்தால் பிள்ளைக்கு வராதவை எத்தனையோ இருக்கும். எதை முதலில் எடுப்பது என்று பட்டியல் சொல்லாது. குழாயடியில் நின்ற மாணவி அதே சிறுவனுக்கு நிறம் பிரிப்பதை இலக்காக எழுதியிருந்தாள். சரி, அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். “ராத்திரி பாத்ரூம் வருதுன்னு எழுப்பிச் சொன்னாப் போதும்மா, வேற எதுவும் இப்ப வேணாம்” என்றாராம். திங்கட்கிழமை அந்த இலக்கைப் படி பிரித்து எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.