ஆங்கிலப் பெயரடைகளுக்கு நடுவே காற்புள்ளி: எங்கே இடுவது, எங்கே விடுவது

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துவோரும், ஓசூரிலிருந்து ரோஜா அனுப்புவோரும், கிரானைட் ஏற்றுமதி செய்வோரும் தங்கள் சரக்கின் தரத்தை வெளியூர் வணிகருக்கு ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டும். அப்படி எழுதும் வரிகளில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டு மூன்று பெயரடைகள், அதாவது அதைச் சிறப்பிக்கும் சொற்கள், சேர்ந்து வருவது வழக்கம். அவற்றுக்கு நடுவே காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மூச்சு விடும் இடத்தில் கமா போட வேண்டும் என்று பள்ளியில் கேட்ட அறிவுரை இந்த இடத்தில் உதவாது. பெயரடைகள் பெயர்ச்சொல்லோடு எப்படி உறவு கொண்டிருக்கின்றன என்பதே இதைத் தீர்மானிக்கிறது.

இரண்டு பெயரடைகளும் சமமான தகுதியோடு, தனித்தனியே அந்தப் பெயர்ச்சொல்லைச் சிறப்பித்தால் நடுவே காற்புள்ளி இட வேண்டும். இரண்டாவது பெயரடை பெயர்ச்சொல்லோடு ஒட்டி ஒரே தொகுதியாகி, முதல் பெயரடை அந்தத் தொகுதி முழுவதையும் சிறப்பித்தால் காற்புள்ளி கூடாது. எந்த வகை என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் உள்ளன. முதலாவது, பெயரடைகளுக்கு நடுவே ‘அண்ட்’ சேர்த்துப் படித்துப் பார்ப்பது. இரண்டாவது, அவற்றை இடம் மாற்றிப் பார்ப்பது. இரண்டிலும் வாக்கியம் இயல்பாக ஒலித்தால் காற்புள்ளி இடலாம். ஒன்றில் தடுக்கினாலும் விட்டுவிடுவதே நல்லது.

மாங்கூழ் விவரக் குறிப்பில் வரக்கூடிய ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம்: ‘திக், ஸ்மூத் தோத்தாபுரி மேங்கோ பல்ப்’. ‘திக் அண்ட் ஸ்மூத்’ என்று சொல்லலாம், ‘ஸ்மூத், திக்’ என்று மாற்றினாலும் பொருள் கெடாது. ஆகவே அங்கே காற்புள்ளி சரி. ஆனால் ‘ஸ்மூத் அண்ட் தோத்தாபுரி’ என்று எவரும் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கும் அந்த ரகத்தின் பெயர் மாங்கூழோடு ஒட்டிக்கொண்டு எந்தக் கூழ் என்று வகைப்படுத்துகிறது. அடர்த்தியும் மென்மையும் அந்த வகைக் கூழுக்கு நாம் சொல்லும் குணங்கள். ஒரே தொடரில் ஓரிடத்தில் காற்புள்ளி வந்து அடுத்த இடத்தில் வராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

கிரானைட் வணிகத்தில் வரும் ‘எ லார்ஜ் பிளாக் கிரானைட் ஸ்லாப்’ என்ற தொடரில் ஒரு காற்புள்ளிக்கும் இடமில்லை. இங்கே தமிழ்க் காது நம்மை ஏமாற்றக்கூடும் என்பதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பெரிதாகவும் கருப்பாகவும் இருக்கும் கல் என்று நாம் தடையின்றிச் சொல்வதால், ஆங்கிலத்திலும் அளவையும் நிறத்தையும் காற்புள்ளியால் பிரிக்கத் தோன்றும். ஆங்கிலத்தில் ‘பிளாக் லார்ஜ் ஸ்லாப்’ என்று மாற்றினால் உடனே உறுத்தும். ஆகவே சோதனையை மனத்துக்குள் தமிழில் செய்யாமல், ஆங்கிலத் தொடரையே வாய்விட்டுப் படித்துச் செய்ய வேண்டும்.

இடம் மாற்றினால் உறுத்துவதற்குக் காரணம், ஆங்கிலப் பெயரடைகளுக்குப் பெரும்பாலும் ஒரு வரிசை உண்டு என்பதே. சொல்பவரின் மதிப்பீடு முதலில் வரும். அதன்பின் அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், எதனால் ஆனது, எதற்குப் பயன்படுவது என்று தொடரும். வெவ்வேறு படிகளில் நிற்கும் பெயரடைகளுக்குப் பொதுவாகக் காற்புள்ளி தேவைப்படாது. ஒரே படியில் நிற்பவற்றுக்குத் தேவைப்படும். ஒகேனக்கல் சுற்றுலாவைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் ‘எ கைண்ட் ஓல்ட் மேன்’ என்று பரிசல்காரரைக் குறிப்பிடும்போது காற்புள்ளி வேண்டாம். அதே கட்டுரையில் ‘எ லாங், டயரிங் ஜர்னி’ என்று எழுதினால் காற்புள்ளி வேண்டும். ‘லாங்’ அளவைச் சொன்னாலும், இரண்டும் அந்தப் பயணத்தின் தன்மையையே சமமாகச் சொல்கின்றன என்பதால், படிவரிசையை விட மேற்சொன்ன சோதனைகளையே நான் அதிகம் நம்புவேன்.

ஓசூர் ரோஜாவை விவரிப்பவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘எ பிரைட் ரெட் ரோஸ்’ என்றால் பளிச்சென்ற சிவப்பு நிற ரோஜா. பளிச்சென்ற தன்மை நிறத்தைச் சேர்ந்தது. நடுவே காற்புள்ளி இட்டுவிட்டால், ரோஜா பளிச்சென்றும் இருக்கிறது, சிவப்பாகவும் இருக்கிறது என்று பொருள் பிரிந்துவிடும். வாங்குபவர் நிறத்தின் சாயலைப் பார்த்துத் தேர்வு செய்பவர் என்றால், இந்தச் சிறு குறி தவறான செய்தியைச் சொல்லிவிடும்.

எல்லா இடங்களிலும் தெளிவான விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ‘எ ஸ்மால் டார்க் ரூம்’ என்பதில் தேர்ந்த எழுத்தாளர்கள் காற்புள்ளி இட்டும் எழுதுகிறார்கள், இடாமலும் எழுதுகிறார்கள். ஐயம் தீராத இடத்தில் விட்டுவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

எண்ணுப்பெயருக்குப் பின் காற்புள்ளி கிடையாது: ‘த்ரீ லார்ஜ் கிரேட்ஸ்’ (மூன்று பெரிய பெட்டிகள்). கடைசிப் பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவே ஒருபோதும் இடக்கூடாது. ‘திக், ஸ்மூத், பல்ப்’ என்று எழுதுவது பிழை. இரண்டு பெயரடைகள் வினைக்குப் பின் வந்தால் காற்புள்ளிக்குப் பதிலாக ‘அண்ட்’ வர வேண்டும்: ‘த பல்ப் இஸ் திக் அண்ட் ஸ்மூத்’.