குடுவைச் சுரை விதையைக் கலப்பில்லாமல் எடுப்பது எப்படி?

கழுத்து ஒடுங்கி, வயிறு பருத்து, தொட்டால் பூனைமயிர் உறுத்தும் குடுவைச் சுரை எங்கள் மாடியில் காய்க்கிறது. வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதையிலிருந்து தாயைப் போன்ற கொடி வராது. நாட்டு ரகத்தில் ஒரு காயை முற்றவிட்டால் அதே சுரை தலைமுறைக்கும் நம்மிடம் இருக்கும். அதற்காகவே இதை வளர்க்கிறேன்.

ஆடியில் விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பெண் பூ பெரும்பாலும் பக்கக் கிளைகளில்தான் வரும். முதலில் ஆண் பூவாகவே பூக்கும், கவலை வேண்டாம்.

நான் தவறியது அடுத்த கட்டத்தில்தான். இரண்டாம் ஆண்டு, என் விதையிலிருந்து கழுத்தே இல்லாமல் நீண்ட காய்கள் வந்தன. பக்கத்து வீட்டு நீட்டுச் சுரையின் மகரந்தத்தை முந்தைய ஆண்டே அந்துப்பூச்சி கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. கலப்பு நடந்த ஆண்டில் காயின் வடிவம் மாறாது. அதன் விதையை விதைத்த பிறகே தெரியும். அதனால்தான் எனக்கு ஓர் ஆண்டு வீணாயிற்று.

சுரைப் பூ மாலையில் விரியும். எனவே நான்கு மணிக்கே பந்தலடிக்குப் போங்கள். அன்று விரியப்போகும் மொட்டு உப்பி, நுனியில் வெள்ளை தெரியும். அடியில் குட்டிக் குடுவைபோலப் பிஞ்சு இருந்தால் பெண் பூ. வெறும் காம்பு என்றால் ஆண். இரண்டின் நுனியையும் கட்டிவிடுங்கள். ரப்பர் வளையம் இதழைக் கிழிக்கும். நனைத்த வாழைநாரே சிறந்தது. விரியும் நேரம் வந்ததும் ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியில் மெதுவாகத் தடவி, பெண் பூவை மீண்டும் கட்டுங்கள். காம்பில் சிவப்புத் துணி ஒன்று கட்டாவிட்டால் வீட்டில் யாராவது அதைக் குழம்புக்குப் பறித்துவிடுவார்கள்.

பிஞ்சு வெம்பி விழுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம். காலையில் தடவினால் பூ அதற்குள் வாடியிருக்கும்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். சமைக்கும் முன் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரை நஞ்சு; அதன் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு.

விதைக்காயைக் காம்பு காயும்வரை கொடியிலேயே விடுங்கள். பிறகு நிழலில் தொங்கவிடுங்கள். மாதக்கணக்கில் ஆகும். ஒருநாள் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். கழுத்தில் துளையிட்டு விதையைக் கொட்டி, சாம்பல் புரட்டி, அதே குடுவையில் போட்டுத் துளையைச் சாணத்தால் அடைத்து வைக்கிறேன். இந்த ஆடிக்கான விதை இப்போது பரணில் தொங்குகிறது.