கடற்படைப் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கடற்படையில் அதிகாரி நிலைக்குக் கீழே பணியில் சேரும் ஒவ்வொருவரும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், இல்லினாய் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் கிரேட் லேக்ஸ் முகாமில்தான் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும். 1911இல் தொடங்கப்பட்ட இந்த முகாம், ஆர்லாண்டோவிலும் சான் டியேகோவிலும் இருந்த முகாம்கள் 1990களில் மூடப்பட்ட பிறகு, நாடு முழுவதற்கும் ஒரே கடற்படைப் பயிற்சி முகாமாக ஆனது. 10 வாரங்களாக இருந்த பயிற்சி 2025 தொடக்கத்தில் 9 வாரங்களாகக் குறைக்கப்பட்டது. பூட் கேம்ப் என்று எல்லோரும் சொல்லும் இந்த 9 வாரங்களில் பிள்ளை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. என் மகளை அனுப்பிவிட்டு நாங்கள் செய்த தவறுகளையும், எங்களைப் போன்ற மற்றக் குடும்பங்கள் செய்யக் கண்ட தவறுகளையும் நினைத்துப் பார்க்கையில், ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்திலிருந்து முளைத்தவை என்று தோன்றுகிறது: நம் கவலையைத் தாங்க முடியாமல், ஏற்கெனவே தோள் நிறையச் சுமந்துகொண்டிருக்கும் பிள்ளையின் மேல் அதையும் ஏற்றிவிடுகிறோம்.

முதல் தவறு கிளம்புவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வழியனுப்பும் விருந்துக்குக் கொடுக்கும் கவனத்தைக் காகித வேலைகளுக்குக் கொடுப்பதில்லை. உள்ளே போனபின் வங்கிக்குத் தொலைபேசி செய்யவோ, கார் காப்பீட்டை மாற்றவோ, மாணவக் கடன் குறித்து வந்த கடிதத்துக்குப் பதில் எழுதவோ பிள்ளைக்கு வழியில்லை. ஆகவே எந்தக் கட்டணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வதும், தேவைப்பட்டால் பெற்றோரில் ஒருவருக்கோ துணைவருக்கோ பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுக்கச் செய்வதும் அவசியம். பணியில் சேர்வதற்கு முன் வாங்கிய கடன்களுக்குப் பணிக்காலத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி வசூலிக்கக் கூடாது என்று படைவீரர்களைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. ஆனால் எழுத்து மூலம் கேட்டால்தான் அது கிடைக்கும். திருமணமானவராக இருந்தால் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் மருத்துவக் காப்பீடும் குடும்பத்துக்கான படித்தொகையும் அவற்றை வைத்தே தொடங்குகின்றன.

அடுத்தது, முதல் தொலைபேசி அழைப்பைத் தவறாகப் புரிந்துகொள்வது. முகாமை அடைந்ததும் வந்து சேர்ந்த செய்தியைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார்கள். அன்று இரவு என் மகளின் குரலைக் கேட்டபோது அது அவள் குரலாகவே இல்லை. பின்னால் பலர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல். எழுதிவைத்ததை வாசிப்பவள்போல, வந்து சேர்ந்துவிட்டதாகவும், முகவரி பிறகு வரும் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். "சாப்பிட்டியாம்மா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அந்த அரை நிமிடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலையில், அவளைச் சேர்த்துவிட்ட ஆள்சேர்ப்பு அலுவலரை நான் மூன்று முறை அழைத்தேன். அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பது இப்போது தெரிகிறது. முகாமுக்குள் நடக்கும் அன்றாட விஷயங்களில் அவருக்குக் கையில்லை. அந்தக் குரலில் இருந்தது தூக்கமின்மையும் அவசரமும்தான். அதற்குப் பிறகு நீண்ட மௌனம் வரும். அது எல்லாக் குடும்பங்களுக்கும் வருவது. போட்டுக்கொண்டு போன உடைகளும் காலணிகளும் ஒரு பெட்டியில் வீடு திரும்பும்போது, அதைப் பிரிப்பவர் மனம் உடைந்துபோவது இயல்பு. ஆனால் அந்தப் பெட்டி எந்தக் கெட்ட செய்தியையும் கொண்டு வருவதில்லை.

பயிற்சிக்காலத்தில் அழைப்புகள் மிகச் சில. எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு குரலஞ்சலில் பிள்ளை தயங்கித் தயங்கிப் பேசியிருப்பதைக் கேட்டு அழுத ஒரு தாயை எனக்குத் தெரியும். இந்த 9 வாரங்களுக்கு மட்டும், வேண்டாத விற்பனை அழைப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துவிடுவது நல்லது.

கடிதம்தான் குடும்பம் தரக்கூடிய உண்மையான துணை, தவறுகள் மிகுதியாக நடப்பதும் அதில்தான். முகவரியில் கப்பல் எண்ணும், டிவிஷன் எனப்படும் பயிற்சிக் குழுவின் எண்ணும் இருக்க வேண்டும். ரெக்ரூட்டுகள், அதாவது பயிற்சி பெறும் புதியவர்கள், தங்கும் கட்டடங்களைக் கடற்படை வழக்கப்படி கப்பல் என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்க்கப்பலின் பெயரும் உண்டு. முழு முகவரி வரும்வரை பொறுக்காமல், பெயரை மட்டும் எழுதிக் கடிதங்களை அனுப்பத் தொடங்கினால் அவை எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாகத் தினமும் எழுதித் தேதியிட்டு வைத்துக்கொண்டு, முகவரி வந்ததும் தனித்தனி உறைகளில் அனுப்பலாம். தின்பண்டப் பொட்டலம் அனுப்பவே கூடாது. அது பிள்ளையின் கைக்குப் போய்ச் சேராது; மற்றவர்கள் முன்னிலையில் அவருக்கு அது தரும் சங்கடம்தான் மிச்சம். ஜிகினா ஒட்டிய உறை, வண்ணப் படங்கள், செல்லப்பெயர் எழுதிய முகப்பு ஆகியவையும் வேண்டாம். தபால் வழங்கும் நேரத்தில் பயிற்றுநரின் கண்ணில் படாமல் இருப்பதையே எந்த ரெக்ரூட்டும் விரும்புவார்.

உள்ளே என்ன எழுதுவது என்பது இன்னும் முக்கியம். "நீ இல்லாமல் அம்மா தினமும் அழுகிறாள்" என்று எழுதுவது அன்பின் வெளிப்பாடாகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் அதைப் படிப்பவர், விடியலுக்கு முன் எழுந்து, சுமார் 80 பேர் கொண்ட டிவிஷனில் ஒருவராக, தன் படுக்கை விரிப்பின் மடிப்பிலிருந்து பேசும் சொல்வரை எல்லாவற்றுக்கும் திருத்தப்பட்டு, இரவில் கிடைத்த சில நிமிடங்களில் அந்தத் தாளைப் பிரிக்கிறார். அம்மாவின் அழுகையை நிறுத்த அவரால் அங்கிருந்து எதுவும் செய்ய முடியாது. பணத் தட்டுப்பாடு, உறவினர் சண்டை, காதல் குறித்த விசாரணை, "ஏன் பதில் எழுதவில்லை" என்ற கேள்வி எல்லாமே இந்த வகைதான். பதில் எழுத அவர்களுக்குப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் சற்று ஓய்வு கிடைக்கிறது. அதில் துணி, காலணி, தூக்கம் எல்லாம் போக மீதிதான் கடிதத்துக்கு. ஆகவே நான்கு வரி வந்தாலும் அதுவே நிறைவு. எங்கள் வீட்டில் மிகவும் பலித்த கடிதம் என் அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் எழுதியது. முருங்கை மரம் காற்றில் ஒடிந்தது, பக்கத்து வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டது, அதில் ஒன்றுக்கு ஒரு கண் மட்டும் நீலம் என்பதுபோன்ற செய்திகள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்ததாக மகள் பிறகு சொன்னாள். பயிற்சி எப்படிப் போகிறது என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை.

வீட்டில் மரணமோ கடும் நோயோ நேர்ந்தால் என்ன செய்வது என்பதில் நம் குடும்பங்கள் இரண்டு விதமாகத் தவறுகின்றன. பிள்ளை மனம் தளர்ந்துவிடும் என்று முழுவதுமாக மறைப்பது ஒன்று. பதறிப்போய்க் கடிதத்தில் எழுதிவிடுவது இன்னொன்று. சரியான வழி அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம். 877-272-7337 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, கப்பல் மற்றும் டிவிஷன் எண், மருத்துவமனையின் அல்லது இறுதிச்சடங்கு நிலையத்தின் தொடர்பு விவரம் ஆகியவற்றைக் கேட்டு, செய்தியைச் சரிபார்த்து, முகாமின் தலைமைக்கு அவர்கள் தெரிவிப்பார்கள். அந்த எண்ணையும் விவரங்களையும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் முதல் வாரமே ஒட்டிவைத்துவிடுவது நல்லது. விடுப்புத் தருவதா என்பதைத் தலைமைதான் முடிவு செய்யும். பெற்றோர், துணைவர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என்பதே அவசர விடுப்புக்கான நெருங்கிய குடும்பம். வளர்த்தவர்கள் என்ற நிலை இருந்தாலன்றித் தாத்தாவும் பாட்டியும் பொதுவாக அதில் சேர்வதில்லை. தாத்தா பாட்டியின் மடியில் வளரும் பிள்ளைகள் மிகுந்த நம் சமூகத்துக்கு இது வலிக்கும் விதி. வலிக்கும் என்பதாலேயே, பிள்ளை கிளம்பும் முன் வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து இதைப் பேசிக்கொள்ள வேண்டும்: அப்படி ஒன்று நேர்ந்தால் உனக்கு உடனே தெரிய வேண்டுமா, பயிற்சி முடிவில் நடக்கும் பட்டமளிப்பு அணிவகுப்புக்குப் பிறகு சொன்னால் போதுமா? அந்த முடிவைப் பிள்ளைதான் எடுக்க வேண்டும்.

பயிற்சியில் பின்தள்ளப்படுவதைத் தோல்வி என்று நினைப்பது இன்னொரு பெரிய தவறு. நீச்சல் தேர்வில் 50 கஜம் நீந்தி, 5 நிமிடம் குப்புற மிதக்க வேண்டும். ஓட்டம், தண்டால், பிளாங்க் ஆகியவை அடங்கிய உடற்தகுதித் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வுகளும் உண்டு. இவற்றில் ஒன்றில் தேறாமல் போனாலோ, காலில் எலும்பு விரிசல் கண்டாலோ, நிமோனியா வந்தாலோ, பின்னால் வரும் இன்னொரு டிவிஷனுக்கு மாற்றுவார்கள். அதனால் பட்டமளிப்பு நாளும் தள்ளிப்போகும். பழகிய முகங்களை விட்டுப் புதிய குழுவில் நடுவே போய் நிற்பதே அவருக்குப் போதுமான வேதனை. அந்த நேரத்தில் வரும் அழைப்பில் "டிக்கெட் எல்லாம் போட்டாச்சே" என்ற சொல் நம் வாயிலிருந்து வரக் கூடாது. அது வராமல் இருக்க ஒரே வழி, பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டையும் அறையையும் மட்டுமே பதிவு செய்வதுதான். கடைசிச் சோதனையான பேட்டில் ஸ்டேஷன்ஸ் பயிற்சிக்காலத்தின் இறுதிக் கட்டத்தில்தான் வரும். ஒரு கட்டடத்துக்குள் 210 அடி நீளத்தில் கட்டப்பட்ட டிரேயர் என்ற மாதிரிக் கப்பலில், தீயணைப்பு, வெள்ளத் தடுப்பு, காயம்பட்டவர்களை மீட்பது என்று ஓர் இரவு முழுவதும், சுமார் 12 மணிநேரம் நடக்கும் சோதனை அது. அதில் தேறியவர் 'ரெக்ரூட்' என்று எழுதிய தொப்பியைக் கழற்றிவிட்டு 'நேவி' என்று எழுதிய தொப்பியை அணிகிறார். அதன்பின் வரும் அழைப்பை எந்தக் குடும்பமும் மறப்பதில்லை. அதுவரை எந்தத் தேதியையும் உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாஸ்-இன்-ரிவ்யூ எனப்படும் பட்டமளிப்பு அணிவகுப்புக்கு நினைத்தவர்கள் எல்லாம் போக முடியாது. எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பிள்ளை கொடுத்த பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் அனுமதி. பெரியப்பா, அத்தை, மாமா என்று எல்லோரையும் சேர்க்கச் சொல்லிக் கடிதத்துக்குக் கடிதம் எழுதுவது, யாரை விடுவது என்ற பழியைப் பயிற்சியில் இருப்பவரின் தலையில் கட்டுவதாகும். அந்தப் பழியை வீட்டிலேயே நாம் ஏற்றுக்கொண்டு, வர இயலாதவர்களை இணைய நேரலையில் பார்க்கச் சொல்லலாம். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலெழுத்தும் தந்தை பெயரும் இடம் மாறும் நம் பெயர்களில் இது எளிதில் பிசகும். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்க நினைப்பவர்கள், விசா நேர்காணலுக்கான காத்திருப்பு 9 வாரங்களைவிட நீளக்கூடும் என்பதை நினைவில் கொண்டு முன்பே தொடங்க வேண்டும். கப்பல் எண், டிவிஷன் எண், பயணத் தேதி ஆகியவற்றைச் சமூக ஊடகத்தில் போடுவதையும் தவிர்க்க வேண்டும். பிள்ளைக்கு அவசரமாகப் பணம் தேவை என்று சொல்லி ஏமாற்றுபவர்களுக்கு அதுவே போதும்.

விழா நடக்கும் மிட்வே அரங்கில் நூற்றுக்கணக்கானோர் ஒரே சீருடையில் நிற்கும்போது உங்கள் பிள்ளையை முகம் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். டிவிஷன் எண் பொறித்த கொடியைத் தேடுங்கள். விடுப்பு அறிவிக்கப்படும் முன் இருக்கையை விட்டு இறங்கி ஓடாதீர்கள். அவர் அசையாமல் நிற்க வேண்டிய நேரம் அது.

லிபர்ட்டி என்று அவர்கள் சொல்லும் அந்த வெளிவிடுப்பு சில மணிநேரம்தான். சீருடையைக் களைய முடியாது, மது கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். சிலர் உடனடியாக அடுத்த தொழிற்பயிற்சிக்காகப் பென்சகோலாவுக்கோ, சான் அன்டோனியோவுக்கோ, கூஸ் கிரீக்குக்கோ, கிராட்டனுக்கோ புறப்பட வேண்டியிருக்கும். சிலர் கிரேட் லேக்ஸிலேயே தொடர்வார்கள். நாங்கள் சிகாகோவில் படகுச் சவாரி, பெரிய உணவகம், உறவினர் வீடு என்று நாளை நிரப்பி வைத்திருந்தோம். மகள் விடுதி அறைக்கு வந்ததும் தன் தொலைபேசியை மின்னேற்றப் போட்டாள், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள், அப்படியே தூங்கிப்போனாள். என் மனைவி திரைச்சீலையை இழுத்துவிட்டாள். நான் தாழ்வாரத்துக்குப் போய்ப் படகுக்காரர்களையும் உறவினரையும் அழைத்து வரவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஒன்றரை மணிநேரம் கழித்துக் கண்விழித்தவள் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, அந்தப் பூனைக்குட்டிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்டாள்.