பார்கின்சன் உள்ளவருக்கு ராத்திரித் தூக்கம்: எங்கிருந்து தொடங்குவது?

பார்கின்சன் என்றதும் கை நடுக்கம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்களைக் கேட்டால் ராத்திரியைத்தான் முதலில் சொல்வார்கள். "தூக்கமே இல்லை" என்ற ஒரே புகாருக்குள் நாலைந்து தனித்தனித் தொல்லைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அதனால் டாக்டரிடம் தூக்க மாத்திரை கேட்பதற்கு முன்னால் இதையெல்லாம் செய்து பாருங்கள்.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

படுத்த நேரம், விழித்த நேரம், மாத்திரை கொடுத்த நேரம், பகல் தூக்கம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். ஏன் விழித்தார் என்பதுதான் இதில் முக்கியம். "2.10: புரள முடியாமல் கூப்பிட்டார்", "3.30: சிறுநீர்", "4.45: கத்தினார், உதைத்தார்" என்று எழுதினால் போதும். கத்துவதையும் உதைப்பதையும் போனில் வீடியோ எடுத்துவைத்தால் நரம்பியல் டாக்டருக்குப் பெரிய உதவி.

படி 2: புரள முடியாமல் விழிக்கிறாரா?

மாலையில் கொடுத்த லெவோடோபாவின் (பார்கின்சனுக்கான முக்கிய மருந்து) வேகம் நடுராத்திரியில் அடங்கிவிடும். உடம்பு இறுகிப்போய், ஒரே பக்கமாகக் கிடந்து வலிக்கும். தூக்க மாத்திரையால் இந்த இறுக்கம் தீராது. படுக்கும் நேரத்துக்கு மெதுவாகக் கரையும் லெவோடோபா சேர்க்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அந்த வகை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. பாலோடும் கொடுக்காதீர்கள், பாலிலுள்ள புரதம் மருந்து உடலில் ஏறுவதைத் தடுக்கும்.

புரள்வதற்கும் முறை இருக்கிறது. பகலிலேயே பழக்குங்கள்:

- இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதத்தை மெத்தையில் ஊன்றச் சொல்லுங்கள்.
- தலையைப் புரளவேண்டிய பக்கம் திருப்பி, எதிர்ப்பக்கக் கையை மார்புக்குக் குறுக்கே நீட்டச் சொல்லுங்கள்.
- முழங்கால்களை அந்தப் பக்கம் சாய்த்தால் இடுப்பும் தோளும் பின்னாலேயே வரும்.

இடுப்புக்குக் கீழே மட்டும் சாட்டின் துணி விரித்தால் வழுக்கித் திரும்ப வசதி. பாதம் படும் இடத்தில் பருத்தித் துணியே இருக்கட்டும், பிடிமானம் வேண்டும். கனமான போர்வையை எடுத்துவிடுங்கள்.

படி 3: தூக்கத்தில் கத்தி, உதைக்கிறாரா?

கனவு காணும்போது உடம்புத் தசைகள் தளர்ந்து அசையாமல் இருப்பது இயல்பு. பார்கின்சன் உள்ள பலருக்கு அந்தத் தடை விலகிவிடுவதால், கனவில் ஓடினால் கால் நிஜமாகவே உதைக்கும். 1986இல் அமெரிக்காவில் ஷென்க், மஹோவால்ட் என்ற இரு டாக்டர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே இது வந்துவிடுவதும் உண்டு. மனைவியை அடிப்பது அவர் வேண்டுமென்று செய்வதல்ல. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், அவருக்கும் சொல்லுங்கள். பல பேர் அவமானத்தில் குன்றிப்போகிறார்கள்.

முதல் வேலை பாதுகாப்பு. கட்டிலருகே கண்ணாடி டம்ளர், முனையுள்ள மேஜை எதுவும் வேண்டாம். தாழ்ந்த கட்டில், கீழே ஒரு மெத்தை போடுங்கள். கூடப் படுப்பவர் கொஞ்ச நாள் தனிக் கட்டிலில் படுக்கட்டும். பிடித்து உலுக்காமல், தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மருந்து என்றால் டாக்டர்கள் பெரும்பாலும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனில் தொடங்குவார்கள். குளோனாசிபாம் என்ற மயக்கம் தரும் மருந்தும் கொடுப்பதுண்டு. ஆனால் அது தள்ளாட்டத்தையும் மறதியையும் கூட்டக்கூடும், குறட்டையோடு மூச்சு நின்று வருபவருக்கு ஆபத்து.

படி 4: மற்றவை

சிறுநீருக்காக எழுந்தால், சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்து, பகலில் நிறையக் கொடுங்கள். எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடலாம்; கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகே நிற்கட்டும். படுத்ததும் கால் குடைந்தால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம்.

படி 5: மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

பார்கின்சனுக்கே தரும் செலிஜிலின், அமன்டடின் மாத்திரைகளை ராத்திரியில் போட்டால் தூக்கம் கெடும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் உதைப்பதைக் கூட்டும். சளிக்கு வாங்கும் அவில் மாத்திரை முதியவருக்குக் குழப்பம் தரும். வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடும், ராத்திரி ஆர்ப்பாட்டத்தை அடக்கத் தரும் ஹாலோபெரிடாலும் பார்கின்சனையே மோசமாக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாக லெவோடோபாவை. அதைச் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இரண்டு ராத்திரியாகப் பிதற்றுகிறார், இல்லாத ஆட்களைப் பார்க்கிறார் என்றால் ஒரு வாரம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, புதிதாகச் சேர்த்த மருந்தோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு.