உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி: புதிதாக வாங்கியவர்களுக்கான பராமரிப்பு விளக்கம்

அமெரிக்காவின் ஒஹையோவில் ஏப்ரல் பிறந்ததும் புல் ஒரே வாரத்தில் கணுக்காலுக்கு வந்துவிடும். அதே வாரத்தில்தான் புல்வெட்டி பழுதுபார்க்கும் கடைகளின் முன்னால் வரிசை நீளும். வண்டியை விட்டுச் செல்லுங்கள், மூன்று வாரம் ஆகும் என்பார்கள். ஒரு ஏக்கர் மனையோடு வீடு வாங்கிய முதல் வசந்தத்தில் நானும் அந்த வரிசையில் நின்றேன். கடைக்காரர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றிக் கொடுத்தார். குளிர்காலம் முழுவதும் தொட்டியில் பெட்ரோலை விட்டு வைத்ததுதான் காரணம் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எல்லா வேலைகளையும் நானே செய்கிறேன். என் அனுபவத்தில் இந்த வண்டியைப் படுக்க வைப்பவை பெரும்பாலும் நான்குதான்: பழைய பெட்ரோல், பூத்துப்போன பேட்டரி முனை, மழுங்கிய பிளேடு, என்ஜினைச் சுற்றி அடைந்துபோன புல். நான்கையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வண்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

முன்பக்கம் என்ஜின், நடுவில் வயிற்றுக்கு அடியில் பிளேடுகள், கையில் ஸ்டீயரிங் என்று இருப்பது லான் டிராக்டர். ஸ்டீயரிங் இல்லாமல் இரண்டு கைப்பிடிகளால் திருப்புவது ஜீரோ டர்ன். அதில் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் தனித்தனி ஹைட்ராலிக் அமைப்பு இயக்குகிறது, அதனால் நின்ற இடத்திலேயே சுழலும். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் வாங்குவது 42 அங்குல லான் டிராக்டர் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். 42 அங்குலம் என்பது ஒரு தடவை ஓட்டிப் போகும்போது வெட்டும் அகலம்.

என்ஜினின் சுழல்தண்டு நெட்டுக்குத்தாக நிற்கிறது. அதன் அடி நுனியில் உள்ள கப்பிகளிலிருந்து இரண்டு பெல்ட்டுகள் கிளம்புகின்றன. ஒன்று பின்னால் போய்ச் சக்கரங்களை ஓட்டுகிறது. மற்றொன்று டெக் எனப்படும் அடித்தட்டுக்குப் போய்ப் பிளேடுகளைச் சுழற்றுகிறது. வண்டி நகர்கிறது, ஆனால் புல் வெட்டவில்லை என்றால் டெக் பெல்ட்டைப் பாருங்கள். பிளேடு சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்றால் ஓட்டும் பெல்ட்டைப் பாருங்கள். அதற்கும் முன்பு வண்டியின் பின்புறம் உள்ள சிறு கம்பியைப் பாருங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது கையால் தள்ளுவதற்காக ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகளில், அதாவது கியர் மாற்றாமல் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம் ஓடும் வண்டிகளில், அதை இழுத்துவிடுவோம். திரும்ப உள்ளே தள்ள மறந்தால் வண்டி ஓர் அடிகூட நகராது.

வண்டியைச் செய்தவர் ஒருவர், என்ஜினைச் செய்தவர் வேறொருவர் என்பதும் புதியவர்களைக் குழப்பும். கப் கேடட் வண்டியில் கோலர் என்ஜின் இருக்கலாம், ஜான் டீர் வண்டியில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இருக்கலாம். வண்டியின் மாடல் எண் பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் இருக்கும். என்ஜினின் எண் என்ஜின் மீதே இருக்கும். இரண்டையும் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் வாங்கும்போது இரண்டுமே தேவைப்படும். கையேடுகளும் இரண்டு, ஆயில் எவ்வளவு என்பதை என்ஜின் கையேட்டில் பாருங்கள்.

படி 1: கை வைப்பதற்கு முன்

சாவியை எடுத்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கின் வயரைப் பிடுங்கி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். இரட்டை சிலிண்டர் என்றால் இரண்டு வயர்களையும். சுழலும் பிளேடின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடி வேகம் வரை போக அமெரிக்கத் தர விதி அனுமதிக்கிறது, அதாவது மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பிளேடைக் கையால் திருப்பினால் என்ஜினும் சேர்ந்து திரும்பக்கூடும். வயர் மாட்டியிருந்தால் ஒரு நொடி உயிர் பெற அதுவே போதும். இந்தப் படியை ஒருமுறைகூடத் தவிர்க்காதீர்கள்.

படி 2: பெட்ரோல்

இங்கே பம்புகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. இந்த என்ஜின்கள் அதுவரைதான் தாங்கும். 15 சதவீதமோ 85 சதவீதமோ எத்தனால் கலந்ததை ஊற்றக்கூடாது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நாளாக ஆக அந்த நீர் தொட்டியின் அடியில் தங்கும்; பெட்ரோலும் கெட்டுப் பிசினாக மாறி, கார்புரேட்டரின் ஊசிமுனை அளவே உள்ள துளையை அடைக்கும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால் கிளம்புகிறது, சோக்கைத் தள்ளியதும் அணைகிறது என்றால் அந்தத் துளை அடைபட்டிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம்.

தடுப்பது எளிது. ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்குங்கள். கேனில் வாங்கிய தேதியை எழுதுங்கள். வாங்கிய அன்றே ஃப்யூவல் ஸ்டெபிலைசரைப் பாட்டிலில் குறித்த அளவில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். கெட்டுப்போன பெட்ரோலை அது திருத்தாது. நல்ல பெட்ரோலைக் கெடாமல் வைக்கும், அவ்வளவுதான். சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

படி 3: ஆயில்

ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் அளவுக்குச்சியை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டுப் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். கூடுதல் ஆயில் எரிந்து புகை கக்கும்.

பல என்ஜின்களில் புது வண்டிக்கு முதல் ஐந்து முதல் எட்டு மணி நேர ஓட்டத்திலும், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறையும் ஆயில் மாற்றச் சொல்கிறார்கள்; சில என்ஜின்களுக்கு 100 மணி நேரம். ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: வெயில் காலத்துக்கு எஸ்ஏஇ 30 போதும். வெப்பநிலை மாறி மாறி வருமானால் 10டபிள்யூ-30. ஒற்றை சிலிண்டருக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், இரட்டை சிலிண்டருக்கு இரண்டு லிட்டரை ஒட்டியும் பிடிக்கும்.

என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். வடிகுழாயைத் திறந்து தட்டில் பிடியுங்கள். ஃபில்டர் இருந்தால் கழற்றுங்கள். புதியதன் ரப்பர் வளையத்தில் ஒரு விரல் ஆயில் தடவி, கையால் முறுக்கி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று மட்டும் திருப்புங்கள். பழைய ஆயிலை மூடிய கேனில் எடுத்துப் போனால் பல வாகன உதிரிபாகக் கடைகள் வாங்கிக்கொள்கின்றன. மண்ணில் ஊற்றினால் நாம் இத்தனை பாடுபட்டு வளர்க்கும் புல்லுக்கும் கேடு, நிலத்தடி நீருக்கும் கேடு.

படி 4: காற்று

இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். இந்த என்ஜினுக்கு ரேடியேட்டர் இல்லை. மேலே சுழலும் விசிறி காற்றை இழுத்துச் சிலிண்டரின் உலோகத் தகடுகளுக்கு இடையே அனுப்புவதுதான் அதன் ஒரே குளிர்ச்சி. வெட்டிய புல் அந்தத் தகடுகளுக்கு நடுவே போய் அடைந்தால் என்ஜின் உள்ளுக்குள் வேகும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது விசிறி உறையின் போல்ட்டுகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். என் வண்டியில் ஒரு வசந்தத்தில் உள்ளே எலி கூடு கட்டியிருந்தது.

காகித ஏர் ஃபில்டரை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தரையில் மெல்லத் தட்டுங்கள். காற்றழுத்தக் குழாயால் ஊதாதீர்கள், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். விளக்கின் முன் பிடித்தால் வெளிச்சம் தெரியவில்லையா, புதியது வாங்குங்கள். ஸ்பார்க் பிளக்கையும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பிரிக்ஸ் என்ஜின்கள் பலவற்றில் பிளக்கின் பொறி விழும் இடைவெளி 0.030 அங்குலம்.

படி 5: பேட்டரியும் கிளம்பாத வண்டியும்

சாவியைத் திருப்பினால் சத்தமே வரவில்லையா? பேட்டரியைச் சந்தேகிக்கும் முன்பு இவற்றைப் பாருங்கள். இருக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்களா, பிரேக்கை முழுவதும் அழுத்தினீர்களா, பிளேடு இணைப்பு அணைந்திருக்கிறதா? மூன்றுக்கும் பாதுகாப்புச் சுவிட்சுகள் உண்டு. சரியில்லாத ஒன்று இருந்தாலும் வண்டி கிளம்பாது. அந்தச் சுவிட்சுகளைத் துண்டித்து ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுபவர் கீழே விழும்போது பிளேடை நிறுத்துவது இருக்கைச் சுவிட்ச்தான். அதைத் தொடாதீர்கள்.

டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி பலவீனம் அல்லது முனைகள் பூத்திருக்கின்றன. நன்கு சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். வெண்பச்சையாகப் பூத்ததை ஆப்ப சோடா கரைத்த நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் பளபளக்கும் வரை தேய்த்து உலர விடுங்கள்.

படி 6: பிளேடு

மழுங்கிய அரிவாளால் தழை அறுத்தவர்களுக்கு இது தெரியும்: அறுபடாது, பிய்த்துக்கொண்டு வரும். மழுங்கிய பிளேடும் புல்லைப் பிய்க்கிறது. இரண்டு நாளில் புல் நுனிகள் காய்ந்து தோட்டம் முழுவதும் பழுப்பாகத் தெரியும், அந்தக் காயம் வழியே நோயும் ஏறும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பலர் குழாயைத் திறக்கிறார்கள். ஒரு புல்லைப் பறித்து நுனியைப் பாருங்கள்; நார் நாராகக் கிழிந்திருந்தால் கோளாறு பிளேடில் இருக்கிறது. 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சாணை பிடிப்பது நல்ல கணக்கு.

வண்டியின் முன்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை கொடுக்காதீர்கள். தடித்த கையுறை போடுங்கள். 42 அங்குல டெக்கில் பெரும்பாலும் இரண்டு பிளேடுகள். ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் பெயின்டால் ஒரு குறி வையுங்கள். தலைகீழாக மாட்டினால் வெட்டவே வெட்டாது. பிளேடுக்கும் டெக்குக்கும் நடுவே மரக்கட்டையை முட்டுக் கொடுத்துப் போல்ட்டைக் கழற்றுங்கள்.

பிளேடைப் பிடிச்சிராவியில் (வைஸ்) இறுக்கி, ஏற்கெனவே இருக்கும் சாய்வை விடாமல், தட்டை அரத்தால் ஒரே திசையில் தள்ளித் தேயுங்கள். சவரக்கத்தி போன்ற கூர்மை வேண்டாம்; மெல்லிய விளிம்பு முதல் கல்லிலேயே உடைந்துவிடும். வெண்ணெய் தடவும் கத்தியின் கூர்மை போதும். கிரைண்டர் பயன்படுத்தினால் நிறுத்தி நிறுத்திப் பிடியுங்கள். எஃகு நீலம் பாய்ந்தால் அதன் பதம் போய்விட்டது, அந்த இடம் சீக்கிரம் மழுங்கும்.

ஒரு முனைக்கு எத்தனை தேய்ப்போ மறு முனைக்கும் அத்தனை. பிறகு சுவரில் அடித்த ஆணியில் நடுத்துளையை மாட்டுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேயுங்கள். எடை ஒத்துப்போகாத பிளேடு வண்டியையே உதறும். கீழே தாங்கும் பேரிங்குகளையும் தின்றுவிடும். திரும்ப மாட்டும்போது வளைந்து மேலெழும் இறக்கை டெக்கை நோக்கியிருக்க வேண்டும். போல்ட்டைக் கையேடு சொல்லும் இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

படி 7: டெக்கின் மட்டம்

வெட்டிய பிறகு தோட்டத்தில் படிக்கட்டு மாதிரி கோடுகள் தெரிந்தால் டெக் சாய்ந்திருக்கிறது. முதலில் டயர்களின் காற்றைப் பாருங்கள். பெரும்பாலும் முன்னால் 14 பிஎஸ்ஐ, பின்னால் 10 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். சரியான எண் டயரிலோ கையேட்டிலோ இருக்கும். பலர் காற்றைப் பார்க்காமல் டெக்கைத் திருகிவிட்டுப் பிறகு அவதிப்படுகிறார்கள். அதன்பின் பிளேடு நுனியிலிருந்து தரைக்கு அளந்து, இடமும் வலமும் ஒத்திருக்கவும், முன்பக்கம் பின்பக்கத்தைவிட கால் அங்குலம் அளவுக்குத் தாழ்ந்திருக்கவும் திருத்துங்கள்.

பெல்ட்டில் வெடிப்போ நூல் பிரிந்திருப்பதோ தெரிந்தால் மாற்றுங்கள். கழற்றும் முன் எந்தக் கப்பியைச் சுற்றி எப்படிப் போகிறது என்று படம் எடுத்துவிடுங்கள். கிரீஸ் முனைகளுக்கு 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓரிரு அழுத்து போதும்.

ஓட்டும்போது

வெட்டும்போது ஆக்ஸிலரேட்டரை, முழு வேகத்தைக் குறிக்கும் முயல் படம் வரை தள்ளுங்கள். குறைத்து ஓட்டினால் என்ஜினுக்கு நல்லது என்பது தவறு. விசிறி மெதுவாகி என்ஜின் சூடாகும், பிளேடும் புல்லைப் பிய்க்கும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மிதியில் குறையுங்கள். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். எங்கள் பகுதியில் பரவலாக இருக்கும் டால் ஃபெஸ்க்யூ புல்லை மூன்று அங்குலத்துக்குக் கீழே இறக்க வேண்டாம்.

சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். 15 டிகிரிக்கு மேல் சாய்ந்த இடத்தில் ஏற்றவே கூடாது. குழந்தையை மடியில் வைத்து ஓட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். 16 வயது நிறையாதவர்கள் இந்த வண்டியை ஓட்டக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது.

குளிர்காலத்துக்கு மூடும் முன்

கடைசி வெட்டு முடிந்ததும், நவம்பர் முதல் வாரத்தில், தொட்டியில் புதுப் பெட்ரோலோடு ஸ்டெபிலைசர் கலந்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். கலவை கார்புரேட்டர் வரை போக வேண்டும். பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், அதனால் ஆயிலை வசந்தத்துக்குத் தள்ளாமல் இப்போதே மாற்றுங்கள். டெக்கின் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டி உலரவிடுங்கள். அது இருக்கும் இடத்தில் துரு பிடிக்கும். பேட்டரியைக் கழற்றி உறையாத இடத்தில், சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னரில் மாட்டுங்கள். பிளேடையும் இப்போதே சாணை பிடித்துவிடுங்கள். ஏப்ரலில் புல் எழும்பும்போது பேட்டரியை மாட்டி, விசிறி உறைக்குள் எலிக்கூடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பலாம்.