சம்பளம் போடுவது எளிது என்று நினைத்தவர்கள்: பெரிய நிறுவன மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பளம் கணக்கிடுவதில் என்ன பெரிய சிக்கல் இருந்துவிடப் போகிறது? அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள். கூட்டிக் கழித்தால் முடிந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் புதிய சம்பள மென்பொருளுக்கு மாறியபோது அங்கே சுமார் 80,000 பேர் பணியாற்றினார்கள். சுழற்சிப் பணி, இரவுப் பணிக்கான கூடுதல் தொகை, தொழிற்சங்க ஒப்பந்தங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியதில் சம்பளக் கணக்கு 24,000-க்கும் மேற்பட்ட விதங்களாகப் பிரிந்து கிடந்தது. மாறிய உடனேயே பலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்தது, சிலருக்கு வரவேயில்லை. மென்பொருள் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் குறித்த தொகை சுமார் 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். சீர்செய்யவும் தொடர்ந்து இயக்கவும் ஆகும் செலவையும் சேர்த்தால் 120 கோடி டாலர் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். கணினி செய்ய வேண்டிய வேலையைக் கையால் செய்ய ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேவைப்பட்டார்கள்.

இப்படி ஒன்று நடந்தால் எல்லோரும் புரோகிராமர்களைத்தான் திட்டுவார்கள். நான் பார்த்தவரை, நிரல் எழுதத் தொடங்கும் முன்பே பெரிய தவறுகளில் பாதிக்கு மேல் நடந்து முடிந்திருக்கும். அவற்றின் வேர் ஒன்றுதான்: விதியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு விதிவிலக்கை விட்டுவிடுவது.

யாரிடம் கேட்டீர்கள்?

தேவைகளைத் திரட்டும் கூட்டங்களுக்கு மேலாளர்கள் வருவார்கள். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். எப்படி நடக்கிறது என்பது இருக்கையில் உட்கார்ந்து கோப்பைத் தள்ளுகிறவருக்குத்தான் தெரியும். ஒரு நிறுவனத்தில் கொள்முதல் மென்பொருள் ஒன்றைப் பார்த்தேன். குறிப்பிட்ட தொகைக்கு மேல் இயக்குநர் ஒப்புதல் கட்டாயம் என்பது விதி. அதை அப்படியே கட்டியிருந்தார்கள். இயக்குநர் பயணத்தில் இருக்கும்போது தொலைபேசியில் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கி, பொருளை வரவழைத்துவிட்டு, அவர் திரும்பியதும் கையெழுத்து வாங்குவது பல ஆண்டு வழக்கம். அந்த வழக்கத்தை யாரும் கூட்டத்தில் சொல்லவில்லை. சொன்னால் தவறாகப் போய்விடுமோ என்ற பயம். மென்பொருள் வந்த இரண்டாவது மாதம் இயக்குநரின் கடவுச்சொல் ஒரு துண்டுச் சீட்டில் நான்கு மேசைகளைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு பிரிவிலும் யாரோ ஒருவர் தனக்கென்று ஓர் எக்ஸெல் தாள் வைத்திருப்பார். அதிகாரபூர்வமான அமைப்பால் செய்ய முடியாததையெல்லாம் அதில்தான் செய்துகொண்டிருப்பார். உண்மையான தேவைப் பட்டியல் அந்தத் தாள்தான். அதைக் காட்டச் சொல்லுங்கள். மாத நடுவில் போய் உட்காராதீர்கள். கணக்கு முடிக்கும் நாள்களில் போங்கள். கடைசியாக உங்களைப் படாதபாடு படுத்திய பத்துக் கோப்புகள் எவை என்று கேளுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: எதையும் விடக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுதிக் குவிப்பது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணினிக்குக் கொண்டுவர 2001-இல் தொடங்கிய திட்டத்துக்கு 800 பக்கங்களுக்கு மேல் தேவை ஆவணம் இருந்தது. 2005-இல், சுமார் 17 கோடி டாலர் செலவுக்குப் பிறகு, அதைக் கைவிட்டார்கள். அதற்கு மாற்றாக வந்த சென்டினல் திட்டமும் தள்ளாடியது. 2010-இல் எஃப்.பி.ஐ. பொறுப்பைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டு, சிறிய குழுவை வைத்துச் சிறு சிறு பகுதிகளாகக் கட்டியது. 2012-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. தடித்த ஆவணம் பாதுகாப்பாகத் தோன்றும். அதை முழுக்கப் படித்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

விதிவிலக்குகளைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அவற்றில் எது வாழ வேண்டும், எது ஒழிய வேண்டும் என்று முடிவெடுப்பது மீதி. 24,000 விதமான கணக்கை 2,000 ஆக்கும் அதிகாரம் எந்தப் புரோகிராமருக்கும் கிடையாது. அது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. தொழிற்சங்கத்தோடு பேச வேண்டியிருக்கும், சில துறைத் தலைவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் ஏழு துறைகள் கொண்ட ஒரு குழுவை அமைக்கிறார்கள். குழுவில் ஒவ்வொருவரும் ஒரு கோரிக்கையைச் சேர்ப்பார்கள். நீக்குகிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய ஒரே ஒருவருக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால் டெண்டரையே தள்ளிவைக்கலாம்.

ஆயத்த மென்பொருளை வாங்கி, பழைய பழக்கத்துக்கேற்ப அதை வெட்டி ஒட்டுவதும் இந்தச் சங்கடத்தின் இன்னொரு முகம். பிரிட்டனின் பர்மிங்காம் மாநகராட்சி 2022 ஏப்ரலில் ஆரக்கிள் நிறுவனத்தின் ஆயத்த மென்பொருளுக்கு மாறியபோது, வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதியைத் தன் வழக்கத்துக்கேற்ப மாற்றியமைத்திருந்தது. அந்தப் பகுதிதான் மோசமாகச் சறுக்கியது. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி செய்யும் வேலைக்கு ஆயத்தமானதை வாங்கி, நம் வழக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது நல்லது. நாம் மட்டுமே செய்யும் வேலைக்குத் தனியாகக் கட்டலாம்.

பட்ஜெட்டுக்காகக் கையை வெட்டுவது

கனடா மத்திய அரசின் ஃபீனிக்ஸ் சம்பளத் திட்டத்தைப் பற்றி அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் 2018-இல் வெளியிட்ட அறிக்கையை இத்துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்கலாம். கட்டுவதற்கு 27.4 கோடி கனேடிய டாலர் ஆகும் என்று ஒப்பந்த நிறுவனம் சொன்னது. ஒதுக்கியிருந்ததோ 15.5 கோடி. திட்ட அதிகாரிகள் கூடுதல் பணம் கேட்கவில்லை, வேலையைச் சுருக்கினார்கள். மொத்தம் 984 செயல்பாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நீக்கினார்கள் அல்லது தள்ளிவைத்தார்கள். ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கும் திட்டத்தையும் கைவிட்டார்கள். இதற்கிடையே சேமிப்பைக் கணக்குக் காட்டுவதற்காக அனுபவமுள்ள சம்பளப் பிரிவு ஊழியர்களைக் குறைத்தாகிவிட்டது. விதிவிலக்குகளை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். 2016 பிப்ரவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2017 நடுவில் ஒன்றரை லட்சம் ஊழியர்கள் சம்பளக் குளறுபடி தீராமல் காத்திருந்தார்கள்.

பணம் போதவில்லை என்றால் செயல்பாடுகளைக் குறைப்பது நியாயமான வழிதான். ஆனால் அவை இல்லாமல் வேலை நடக்குமா என்று அவற்றைப் பயன்படுத்தப்போகிறவரைக் கேட்டுவிட்டுக் குறைக்க வேண்டும். காலம் போதவில்லை என்று கடைசி நேரத்தில் ஆள் சேர்ப்பதும் கைகொடுக்காது. தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று அமெரிக்க மென்பொருள் வல்லுநர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவரின் நாள் போய்விடும்.

பழைய தரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே விற்பனையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார். பிறந்த தேதி தெரியாதவர்கள் எல்லோரும் 1900 ஜனவரி 1 அன்று பிறந்திருப்பார்கள். தரவைச் சுத்தம் செய்வதைக் கடைசி மாத வேலையாக வைக்காதீர்கள். முதல் மாதமே ஒரு பகுதியை ஏற்றிப் பார்த்தால், கூட்டங்களில் வெளிவராத விதிவிலக்குகள் அங்கே வரிசையாக வந்து நிற்கும்.

ஒரே இரவில் மாறுவது

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில், ஒரு வார இறுதியில், வாடிக்கையாளர் கணக்குகளைப் பெரும்பாலும் ஒரே மூச்சில் புதிய தளத்துக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். பணிகள் பழையபடி சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022-இல் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கும் மேல்.

தேதியை ஊருக்கு அறிவித்துவிட்டால் சோதனையின் முடிவுகள் வளையத் தொடங்கும். குயின்ஸ்லாந்திலும் பிழைகளின் தீவிரத்தைத் தாளில் குறைத்துக் காட்டித் தடையைத் தாண்டினார்கள் என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தது. பிழையின் தீவிரத்தை மாற்றும் உரிமை, தேதிக்குப் பதில் சொல்ல வேண்டியவரிடம் இருக்கக் கூடாது.

சம்பளம் போன்ற வேலைகளில் பழையதையும் புதியதையும் இரண்டு மூன்று மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணம் கண்டுபிடிப்பதைவிடச் சிறந்த சோதனையை நான் பார்த்ததில்லை. இரட்டை வேலை என்று ஊழியர்கள் முணுமுணுப்பார்கள். அதற்கும் சேர்த்து ஆள் ஒதுக்குங்கள். திரும்பிப் போகும் வழியையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்: புதியது காலை பத்து மணிக்கு விழுந்தால் பழையது எத்தனை மணிக்கு எழும், யார் எழுப்புவார்? மூலநிரல் யாருக்குச் சொந்தம் என்பதோடு, பழைய அமைப்பை எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் அணைப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால், மாறி ஆறு ஆண்டுகளான பின்பும் பழைய சர்வரை ஓட்டிக்கொண்டிருந்த ஓர் அலுவலகம் எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டதற்கு, ஓய்வூதியக் கணக்கில் ஒரே ஒரு விதிவிலக்கு அதில்தான் இருக்கிறது என்றார்கள்.